ஆகாதது ஒண்ணும் இல்லாத ஆளு

உக்காருங்க அக்கா, இந்த நெழல்ல உக்காருங்க. கோயில் நடை இப்போதைக்குத் திறக்க மாட்டாங்க. மணி பத்தே முக்கால் ஆச்சு பாருங்க, வெள்ளிக்கிழமை ராகு காலம். பன்னண்டு தாண்டினாத்தான் பூசாரி சாவியைக் கையிலயே எடுப்பாரு. நீங்களும் பூக் கேக்கத்தான் வந்தீங்களா? பையனுக்குப் பொண்ணு விசயமா? நல்லதுங்க. வெள்ளைப் பூ வரும், போங்க.

நானும் அதுக்குத்தான் வந்தேன். விடிஞ்சதும் வந்துட்டேன். பூசாரி அப்ப இங்கதான் இருந்தாரு, கேக்கறியான்னும் கேட்டாரு. ஆனா எனக்கு ஒன்பதே முக்கால் வரைக்கும் சந்திராஷ்டமம். அது விடட்டும்னு உக்காந்திருந்தேன். விட்டுச்சு. பார்த்தா அவரு சாமிக்குத் தண்ணி எடுக்கப் போயிட்டாரு. திரும்பி வர்றதுக்குள்ள ராகு காலம் புடிச்சுக்கிச்சு. என் கெரகம் அப்படி இருக்குதுங்க. நாலு மாசமா அப்படித்தான் இருக்குது.

என்ன கேக்கப் போறேன்னா, வெள்ளைப் பூ வந்தா, வெளிநாட்டுல மாட்டிக்கிட்டு நிக்கற என் வண்டியை அங்கயே காயலான் கடை வெலைக்குத் தள்ளிப்போட்டு, மச்சினனை மட்டும் கூட்டிக்கிட்டு வந்தர்றது. செவப்புப் பூ வந்தா என்னன்னு இன்னும் ரோசனை பண்ணலீங்க. ரோசனை வரமாட்டேங்குது. ராத்திரி படுத்தா கூரையைத்தான் பார்த்துக்கிட்டிருக்கறேன்.

என் பேரு அர்த்தனாரி. திருச்செங்கோடு. போர் வண்டி ஓட்டறவன். இருபத்திரண்டு வருசமா பூமியை ஓட்டை போட்டுத்தான் சோறு. ஆந்திராவுல போட்டிருக்கறேன், ராஜஸ்தான்ல போட்டிருக்கறேன், ஹிந்தி அங்க கத்துக்கிட்டதுதான். இப்ப நம்ம ஊர்ல வீட்டுக்கு வீடு வண்டி நிக்குது, வேலை எங்கிருந்து வரும்? அவனவன் வண்டியைக் கப்பல்ல ஏத்தி ஆப்பிரிக்காவுக்கு அனுப்பறான். நானும் ஏத்தினேன். மடகாஸ்கர்னு ஒரு நாடு. ஆப்பிரிக்காவுக்கு அக்கட்ட, கடலுக்கு நடுவுல. இறங்கிப் பார்த்தா, அக்கா, செம்மண்ணு, கள்ளிச்செடி, முள்ளு, மாடு. நம்ம காங்கேயம் பக்கம் வந்துட்டமாட்ட இருந்துச்சு. மாடு கூட அப்படியே திமிலோட, கொம்பு வளைஞ்சு. எனக்குக் கண்ணே கலங்கிருச்சு. இந்த ஊர்ல நான் பொழைச்சுக்குவேன்னு நெனச்சேன்.

போறதுக்கு முன்னால கோயமுத்தூர்ல ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேனுங்க. வெளிநாட்டுல தொழில் பண்றது எப்படின்னு கோட்டுப் போட்ட ஒருத்தர் பேசினாரு. காசு கட்டித்தான் கேட்டேன். அவரு சொன்னது எனக்கு இன்னும் மனப்பாடம். வெளிநாடு போனா உன் சாமி, உன் பூதம், உன் சாதி, உன் சாப்பாடு எல்லாத்தையும் ஏர்போர்ட்டுலயே கழட்டி வச்சுட்டுப் போ. எனக்கு இது ஆகாது, அது ஆகாதுன்னு வாயைத் தொறக்காத. ஃப்ளெக்ஸிபிளா இரு. அதைக் கேட்டு அப்படியே நடந்தேன். அதைக் கேட்டு நடந்ததுக்கு எனக்கு இந்தக் கதி.

அங்க காசம்பாய்னு ஒரு குஜராத்தி. முப்பாட்டன் காலத்துல போயி நின்னவங்க. மொச்சைப் பயறு வாங்கிக் கப்பல்ல அனுப்பறாரு. அவருக்குப் பயறு போடற பத்து ஊருக்குப் பத்துப் போர் போட்டுக் குடுக்கோணும், அதான் பேச்சு. முதல் ஊருக்கு அவரே கூட்டிக்கிட்டுப் போனாரு. நான், என் சம்சாரம் தங்கமணிக்கு நேர் தம்பி சென்னியப்பன், வண்டி, கம்ப்ரசர். இங்கிருந்து வந்த வேலையாளுங்க ரெண்டு பேரும் காய்ச்சல்னு சொல்லி முதல் மாசமே ஊருக்குத் திரும்பிட்டாங்க. எனக்குன்னு இருந்தது சென்னி ஒருத்தன்தான்.

அந்த ஊருப் பெரியவரு பேரு மஹவேலு. நெசமாத்தானுங்க. அட, நம்ம பக்கத்து ஆளு பேராட்ட இருக்குதேன்னு எனக்கு ஒரு சந்தோசம். எழுபத்தஞ்சு வயசு இருக்கும். ஒல்லி உடம்பு, ஓலைத் தொப்பி, மேல ஒரு போர்வை. பாய் விரிச்சு உக்கார வச்சாங்க. ஊரே சுத்தி உக்காந்துச்சு. பெரியவரு எங்கிட்டக் கேட்ட முதல் கேள்வியைக் காசம்பாய் ஹிந்தியில எனக்குச் சொன்னாரு, நீ யாரு மகன்?

நான் விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டினேன்.

அவரு வாங்கி, முன்னால பின்னால திருப்பிப் பார்த்துட்டு, பாயில வச்சாரு. ரெண்டாவது கேள்வி, உனக்கு என்னென்ன ஃபாடி? ஃபாடின்னா என்னங்கன்னு காசம்பாயைக் கேட்டேன். ஆகாதது, அப்படின்னாரு. எதைத் திங்க ஆகாது, எந்த நாள்ல எதைத் தொட ஆகாது, உங்க குடும்பத்துக்கு எது ஆகாதுன்னு கேக்கறாங்க, இங்க புது ஆளு வந்தா முதல்ல அதைத்தான் கேப்பாங்கன்னாரு. காசம்பாய் முப்பாட்டன் வந்து இறங்கின அன்னைக்கு எங்களுக்குப் பன்னி ஆகாதுன்னு சொன்னாராம். அன்னையிலிருந்து இன்னை வரைக்கும் அவங்க கடை வாசல் வழியா ஒருத்தனும் பன்னி ஓட்டிக்கிட்டுப் போனதில்லையாம். சுத்திக்கிட்டுப் போவாங்களாம். பாவம், வெவரம் பத்தாத சனங்க.

நான் நெஞ்சை நிமித்திக்கிட்டுச் சொன்னேன். எனக்கு ஆகாததுன்னு ஒண்ணும் இல்லை, எல்லாம் ஆகும்.

காசம்பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தாரு. நெசமாவா, அப்படின்னாரு. சொல்லுங்க பாய்னேன். சொன்னாரு. பெரியவரு மறுபடியும் கேட்டாரு, ஒண்ணுமே இல்லையா? இல்லை. உங்க அப்பனுக்கு? அவருக்கும் இல்லைன்னேன். ஒரு பொம்பளை பக்கத்துல நின்ன கொழந்தையை இழுத்து மடியில போட்டுக்கிச்சு. முன்னால இருந்தவங்க ரெண்டு சாண் பின்னால நகந்து உக்காந்தாங்க. அசந்துட்டாங்கன்னு நெனச்சேன். இப்படி ஒரு தொழில்காரனைப் பார்த்திருக்க மாட்டாங்க.

அப்புறம் சோறு போட்டாங்க. மாட்டுக்கறி. நான் யாரு, பட்டிப் பொங்கலன்னைக்கு மாட்டுக் காலைக் கழுவிக் கும்பிட்டுட்டுத்தான் பச்சைத்தண்ணி குடிக்கிறவன். ஆனா எல்லாம் ஆகும்னு இப்பத்தான சொன்னேன், எப்படி வேண்டாம்ங்கறது? வயித்து வலின்னு சொல்லிக் கை கழுவிட்டேன். இந்தச் சென்னி இருக்கறானே, அவன் என்ன பண்ணினான் தெரியுங்களா? பெரியவரு வீட்டம்மாவைக் கூப்பிட்டு, வெளியில கட்டியிருந்த காளையைக் காட்டி, ரெண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டுக் காட்டினான். அந்தம்மா சட்டியை எடுத்துக்கிட்டு ஓடிப் போயி, மொச்சையை உப்புப் போட்டு வேக வச்சு அவனுக்குக் கொண்டாந்து வச்சுச்சு. பக்கத்துலயே உக்காந்து தின்னு தின்னுன்னு வேற. நான் அவனை மொறைச்சேன். தொழில் பண்ண வந்த இடத்துல இப்படியாடா மானத்தை வாங்குவேன்னு அன்னைக்குச் சாயங்காலம் திட்டினேன். பேசற ஆளு இல்லீங்க அவன். முப்பது வயசாகுது, தை மாசம் கல்யாணம். அக்காளை அம்மாளாட்ட நெனைக்கிற பையன்.

கெளம்பறப்பப் பெரியவரு சொல்லிவிட்டாரு. எங்க ஊர்ல செவ்வாய்க்கிழமையும் வியாழக்கிழமையும் மண்ணைத் தோண்ட ஆகாது, மத்த நாள்ல போடு. போடறதுக்கு முந்தின நாள் எனக்குச் சொல்லு, எங்க முன்னோருங்ககிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லிப்போடறேன், இத்தனை தூரத்துல இருந்து ஒருத்தன் வந்திருக்கறான், இரும்பை இறக்கறான், கோவிச்சுக்காதீங்கன்னு.

வாரத்துல ரெண்டு நாள் வேலை செய்யாதேன்னா எப்படிங்க பொழைக்கறது? நீங்களே சொல்லுங்க. நான் நாள் பார்க்காதவன் இல்லை. சந்திராஷ்டமம் மாசத்துக்கு ரெண்டேகால் நாள், அப்புறம் அஷ்டமி, நவமி, கரிநாள், இதெல்லாம் போக மிச்சத்துலதான் பாயிண்டு போடுவேன். அது கணக்கு. பஞ்சாங்கம் பார்த்து எழுதினது. இவங்களுக்கு என்ன பஞ்சாங்கம் இருக்குது?

போர் போடற பாயிண்டு கூட நானே பார்த்தேன். தேங்காயை உள்ளங்கையில படுக்க வச்சு நடந்தா, கீழ நீரோட்டம் இருக்கற இடத்துல எந்திரிச்சு நிக்கும். எல்லாருக்கும் நிக்காதுங்க. எனக்கு ரத்தம் ஓ பாசிட்டிவ், எனக்கு நிக்கும். அது விஞ்ஞானம். ஊருக்கு மேக்கால, அவங்க சமாதிங்க இருக்கற மேட்டுக்குக் கொஞ்சம் இக்கட்ட, ஜம்முனு நின்னுச்சு. சமாதின்னா சும்மா இல்லீங்க, கல்லுக் கட்டி, சாயம் பூசி, மேல மாட்டுக் கொம்பா அடுக்கி வச்சிருப்பாங்க. வீட்டுச் சுவரு மண்ணுல இருக்கும், செத்தவங்களுக்குக் கல்லு. கூறு கெட்ட செலவு.

திருச்செங்கோட்டு ஜோசியருக்குப் போன் போட்டேன். ஆவணி கடைசி வியாழன், பத்தரைக்கு மேல பதினொண்ணரைக்குள்ள, அதை விட்டா உன் ராசிக்கு இனி ஐப்பசியிலதான் நாளுன்னு அடிச்சுச் சொன்னாரு. ஐப்பசி முடிஞ்சா அங்க மழை. மழை புடிச்சா ஆத்தைத் தாண்ட முடியாது, வண்டி மண்ணுல புதைஞ்சுரும், பங்குனி வரைக்கும் எடுக்க முடியாது. நான் என்ன பண்ணட்டும்? சென்னி சொன்னான், மாமா வியாழக்கிழமை வேண்டாம், பெரியவருகிட்டக் கேட்டுப்போட்டுச் செய்யலாம்னு. கேட்டா வேண்டாம்னுதான சொல்லுவாரு? அதனால கேக்கலை.

பத்தே முக்காலுக்குப் பூசை போட்டேன். இந்திய நேரம் பத்தே முக்கால், அங்க காலையில எட்டேகால். கடிகாரத்தை நான் மாத்தவே இல்லீங்க. சாமிக்கு நம்மூரு நேரம்தானுங்களே. வண்டிக்குப் பொட்டு வச்சு, எலுமிச்சம்பழம் நசுக்கி, பாயிண்டுல ஒரு சேவலை அறுத்து ரத்தத்தை விட்டு, குலசாமி பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன், ஆத்தா இந்த மண்ணுல வந்து நில்லுன்னு. இந்தா, உள்ள இருக்கறாளே, இவளைத்தான். தண்ணிக் குடத்தோட வந்த ஒரு பொம்பளை அதைப் பார்த்துட்டு, குடத்தை அப்படியே கீழ வச்சுட்டுத் திரும்பிப் போச்சு. குடம் அங்கயே இருந்துச்சு. நான் கம்ப்ரசரை ஆன் பண்ணினேன்.

நூத்திநாப்பது அடி. வெண்ணெயாட்ட இறங்குச்சு. நூத்திநாப்பதுல குழியோட பக்கம் சரிஞ்சு ஹேமரைப் புடிச்சுக்கிச்சு. ஹேமர்னா ராடு நுனியில இருக்கற சுத்தியலுங்க, கல்லைத் தட்டி உடைக்கறது. ராடு மேலயும் வரலை, கீழயும் போகலை. இருபத்திரண்டு வருசத்துல எனக்கு இப்படிப் புடிச்சதே இல்லை.

திரும்பிப் பார்த்தேன். ஊரே வந்து உக்காந்திருந்துச்சு. திட்டலை, அடிக்கலை, ஒரு கல்லுக் கூட எடுக்கலை. சும்மா உக்காந்து வண்டியைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. அதுக்கு அவங்க திட்டியிருந்தாலே தேவலை. ஒரு வார்த்தை பேசறவங்களைச் சமாளிச்சுப்போடலாம் அக்கா, பேசாம உக்காந்திருக்கறவங்களை என்ன பண்றது?

மாட்டினதை எடுக்கறது பெரிய வேலை இல்லீங்க. தண்ணியை ஊத்தி ஊத்தி, காத்தடிச்சு, கொஞ்சங்கொஞ்சமா ஆட்டி ஆட்டி எடுக்கோணும். ஆனா தண்ணி வேணும், நெறைய வேணும். அங்க தண்ணி எங்க இருக்குது? பொம்பளைங்க மூணு மைலு நடந்து ஆத்து மணல்ல ஊத்துத் தோண்டி, தலையில சுமந்துக்கிட்டு வர்றாங்க. அவங்க மனசு வச்சாத்தான் உண்டு. ஒருத்தரும் வரலை. மறுநாள்லயிருந்து அரிசி விக்கறவன் எங்களுக்கு அரிசி இல்லைன்னான். அடுப்புக் கரி விக்கறவ எந்திரிச்சு உள்ள போயிட்டா.

காசம்பாய் வந்தாரு. பெரியவருகிட்டப் பேசினாரு. ஒரு காளை குடுக்கோணுமாம். காளையை வெட்டி, நானே குழிகிட்ட நின்னு, நான் யாரு மகன், எங்கிருந்து வர்றேன், இன்ன தப்புப் பண்ணிப்போட்டேன்னு வாய்விட்டுச் சொல்லோணும். யாரைக் கூப்பிட்டு அவங்க மண்ணுல நிறுத்தினேன்னும் சொல்லோணும். அவ்வளவுதான், சொல்லிட்டா நாங்களே தண்ணி கொண்டாந்து ஊத்தறோம்னு.

காளையை வெட்டறதுங்களா? என் கையால புடிச்சுக் குடுத்தா? எங்கப்பன் செத்தப்ப அழாதவன் நான், எங்க மயிலைக் காளை செத்தப்ப மூணு நாள் சோறு திங்கலை. அது எங்களுக்குச் சாமி பாய்னு தொண்டைக் குழி வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். எல்லாம் ஆகும்னு சொல்லிக்கிட்டு வந்தவன், இப்பப் போயி இதைச் சொன்னா சிரிக்க மாட்டாங்களா? அதனால சத்தம் போட்டேன். இதெல்லாம் மூடநம்பிக்கை, நான் தொழில்காரன், எனக்கு இதுலயெல்லாம் நம்பிக்கை கிடையாது, காளையும் கிடையாது ஒண்ணும் கிடையாதுன்னு கத்தினேன். காசம்பாய் அதை அவங்க பேச்சுல சொல்லவே இல்லை. ஆனா கத்தறதுக்கு எந்தப் பாஷையும் வேண்டாமே. பெரியவரு எந்திரிச்சுப் போயிட்டாரு.

மத்த ஒன்பது ஊருக்கும் சேதி போயிருச்சு. ஒருத்தனும் வண்டியை உள்ள விடமாட்டேன்னுட்டான். அங்க ஒரு ஊர்ல பேரு கெட்டா அத்தனை ஊர்லயும் கெட்டுச்சு. இதுதானுங்க அந்த நாட்டுல தொழிலு. கவருமெண்டு பேப்பரு கையில இருக்குது, சீல் இருக்குது, ஒரு கெழவன் வாய்க்கு முன்னால அது ஒண்ணுக்கும் ஆகலை.

பத்தொன்பது நாள் பார்த்தேன். அப்புறம், மாட்டின ஹேமரை எடுக்கற சாமான் திருச்செங்கோட்டுலதான் கிடைக்கும், போயி எடுத்துக்கிட்டு வந்தர்றேன் மாப்ளேன்னு சென்னிகிட்டச் சொன்னேன். வண்டியை விட்டுட்டு ரெண்டு பேரும் வர முடியாதில்லீங்க? அவன் சரிங்க மாமான்னான். அவ்வளவுதான் சொன்னான். வண்டிக்குக் கீழ பாயை விரிச்சுக்கிட்டிருந்தான். ஆத்தைத் தாண்டறப்பத் திரும்பிப் பார்த்தேன், கையைக் காட்டிக்கிட்டு நின்னான். உங்ககிட்டச் சொல்றதுக்கு என்னங்க, எனக்கு அந்தச் சாமானைப் பத்தி நெனப்பே இல்லை. அந்தச் சனங்க பார்க்கறதைப் பார்க்க முடியலை, அதான் வந்துட்டேன்.

வந்து இன்னையோட முப்பத்திரண்டு நாள். சாமானை வாங்கி வீட்டு வாசல்ல போட்டு வச்சிருக்கறேன். மாமியார் எங்கிட்டப் பேசறதில்லை. தங்கமணி ஒரே ஒரு தடவைதான் பேசினா. "இரும்பை எடுக்க ஆளு வந்துட்டீங்க, எந்தம்பியை எடுக்க யாருங்க போறது?" அப்படின்னா. அதுக்கப்புறம் சோறு வைப்பா, பேச மாட்டா. அவங்களும் அந்த ஊருக்காரங்களாட்ட ஆயிட்டாங்க.

சென்னிக்குப் போன் பண்ணோணும்னா அங்க டவர் கிடைக்கற ஒரு கரட்டுக் குன்று மேல ஏறோணும். வாரத்துக்கு ஒருக்கா ஏறிப் பேசுவான். கடைசியாப் பேசினது ஒன்பது நாளைக்கு முந்தி. காய்ச்சல்னான். மேக்கால மின்னல் வெட்டுது மாமான்னான். அதுக்கப்புறம் ஒண்ணும் இல்லை. ஒன்பது நாள் அக்கா. உசுரோட இருக்கறானா இல்லையான்னு தெரியாத நான் பூக் கேக்க உக்காந்திருக்கறேன். நான் என்னங்க தப்புப் பண்ணினேன்? ஒருத்தன் மனசையும் நோகடிக்கப்படாதுன்னு எல்லாம் ஆகும்னு சொன்னேன், அது தப்புங்களா?

சித்த இருங்க. போனு அடிக்குது.

சென்னி. சென்னிதானுங்க. அய்யோ, இதை எங்க அமுக்கறது, ஸ்பீக்கர்ல போயிருச்சு, பரவால்ல.

"மாப்ளே. எப்படிடா இருக்கறே? காய்ச்சல் எப்படி இருக்குது?"

"போயிருச்சுங்க மாமா. பெரியவரு வீட்டம்மா வந்து கசாயம் வச்சுக் குடுத்தாங்க. எட்டு நாளா அவங்க வீட்டுலதான் படுத்திருந்தேன்."

"உன்னை உள்ள விட்டாங்களா?"

"மாமா, சார்ஜ் நாலு பர்சன்ட்தான் இருக்குது. நான் சொல்றதைக் கேளுங்க. நமக்குக் காளையை வெட்ட ஆகாதுன்னு அவங்ககிட்டச் சொல்லிப்போட்டேன். இத்தனை நாள்ல அவங்க பேச்சு கொஞ்சம் வந்திருச்சுங்க எனக்கு. பெரியவரு தலையில அடிச்சுக்கிட்டாரு. இதை ஏன் அன்னைக்கே சொல்லலை, ஆகாததைச் செய்யின்னு நாங்க ஒருத்தரைக் கேப்பமா, ஒரு ஆடு போதுமே அப்படிங்கறாரு."

"ஆடா? ஆடு போதுமா?"

"ஆடு போதுங்க மாமா. ஆனா அவங்களுக்குப் பயமே வேற. ஆகாததுன்னு ஒண்ணுமே இல்லைன்னு சொன்னீங்கல்ல, அப்படி ஒரு மனுசனை அவங்க பார்த்ததே இல்லையாம். ஆகாதது இல்லாத ஆளு எதையும் செய்வான், யாரு சமாதியை வேணும்னாலும் தோண்டுவான்னு பயந்துட்டாங்க. எங்க மாமாவுக்கு நெறைய இருக்குதுன்னு நான் சொன்னேன். நம்ப மாட்டேங்கறாரு. உன் வாயி அவன் வாயி ஆகாது, இல்லைன்னு அவன் வாயால சொன்னான், இருக்குதுன்னும் அவன் வாயாலதான் சொல்லோணும்ங்கறாரு. அதுக்காக இந்த வயசுல எங்கூடக் கரட்டு மேல ஏறி வந்திருக்கறாருங்க மாமா. பக்கத்துலதான் உக்காந்திருக்கறாரு, மூச்சு வாங்குது. நீங்க சொல்லுங்க, நான் அவங்க பேச்சுல சொல்றேன். உங்களுக்கு என்ன ஆகாது? ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும்."

"இப்பவா?"

"இப்பத்தானுங்க மாமா."

"மணி இங்க பதினொண்ணே முக்கால் மாப்ளே."

"அதுக்கென்னுங்க?"

"ராகு காலம்டா. இன்னும் கால் மணி நேரம் இருக்குது. தொழிலை நேர் பண்ற வார்த்தையை ராகு காலத்துல எப்படிச் சொல்றது? சொன்னா வெளங்குமா? அந்தப் பெரியவரைச் சித்த நேரம் உக்காரச் சொல்லு. பன்னண்டு அடிச்சதும் நான் எல்லாத்தையும் சொல்லிப்போடறேன்."

"மாமா, சார்ஜ் இல்லீங்க. உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன். மேகம் கட்டிக்கிட்டு நிக்குது. ஒரு வார்த்தை சொல்லுங்க."

"உன்னைவிட எனக்கு அவசரம்டா. உங்க அக்கா மூஞ்சியில என்னால முழிக்க முடியலை. ஆனா இது மட்டும் முடியாது. வண்டியே போனாலும் சரி, ராகு காலத்துல நான் வாக்குக் குடுக்க மாட்டேன். எங்கப்பன் நாச்சிமுத்து குடுத்ததில்லை. அவங்கப்பன் வெள்ளியங்கிரி குடுத்ததில்லை. எங்க வம்சத்துலயே ஒருத்தன் குடுத்ததில்லை. எங்களுக்கு அது ஆகாது. அதை அப்படியே அவருகிட்டச் சொல்லு. கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்."

பாருங்க அக்கா, சொல்றான். அவங்க பேச்சு எப்படிப் பேசறான் பாருங்க. நாச்சிமுத்துங்கறான், வெள்ளியங்கிரிங்கறான், எங்கப்பன் பேரு எந்த ஊர்ல போயிக் கேக்குது பாருங்க. சத்தமே இல்லை. கோவிச்சுக்கிட்டாரு. முடிஞ்சுது. எல்லாம் முடிஞ்சுது. நானே கெடுத்துப்போட்டேன்.

அது யாரு சிரிக்கறது? கேக்குதுங்களா? பெரியவரா?

"மாமா."

"ஏன்டா சிரிக்கறாரு? என்னை நக்கல் பண்றாரா?"

"மாமா, அவரு சொல்றாரு, இப்பத்தான் இவரு மனுசருன்னு தெரியுது, நாச்சிமுத்து மகனுக்கு வெள்ளிக்கிழமை இந்த நேரத்துல பேச ஆகாது, ஊர்ல எல்லாருக்கும் சொல்லிப்போடறேன், இனிமே இந்த நேரத்துல அவரை யாரும் எதுவும் கேக்க மாட்டாங்கன்னு சொல்றாரு. கீழ பார்த்துக் கையைக் காட்டறாரு மாமா. பொம்பளைங்க குடத்தை எடுத்துக்கிட்டு ஆத்துக்குக் கெளம்பறாங்க. நெறையப் பேரு. நான் இறங்கறேன், மழைக்குள்ள ராடை எடுத்து வண்டியை ஆத்துக்கு இக்கட்ட கொண்டாந்தர்றேன். நீங்க வந்து குழிகிட்ட நின்னு மிச்சத்தைச் சொல்லிப்போட்டாப் போதுமாம். அக்காகிட்டச் சொல்லுங்க, நான்..."

சென்னி. மாப்ளே.

போயிருச்சுங்க. சார்ஜ் தீந்திருச்சு.

எனக்கு ஒண்ணும் வெளங்கலைங்க அக்கா. கண்ணுல தண்ணி வருது, எதுக்கு வருதுன்னு தெரியலை. நான் ஒண்ணுமே சொல்லலையே. கால் மணி நேரம் பொறுங்கன்னுதான் சொன்னேன். அதுக்குப் போயி அத்தனை பொம்பளைங்க குடத்தைத் தூக்கிக்கிட்டுப் போறாங்கன்னா, அந்தச் சனங்க மனசு எனக்குப் புடிபடவே மாட்டேங்குது. இருபத்திரண்டு வருசம் எத்தனையோ ஊருக்காரங்களைப் பார்த்தேன், இவங்களைப் புரிஞ்சுக்க முடியலை. நீங்க ஏனுங்க அக்கா சிரிக்கறீங்க? சொல்லுங்க, பரவால்ல.

தங்கமணிக்கு இப்பவே சொல்லிப்போடோணும். வேண்டாம், பன்னண்டு ஆகட்டும். நல்ல சேதியை இப்பச் சொல்லப்படாது. அப்புறம் சென்னி சார்ஜ் போட்டதும் பெரியவருகிட்ட மொத்தத்தையும் முறையாச் சொல்லோணும். காளை ஆகாது. சந்திராஷ்டமத்துல பாயிண்டு ஆகாது. எங்க குலக் கூட்டத்துக்குச் சுரைக்காய் ஆகாது. அதைச் சொன்னாச் சிரிப்பாருங்களா? சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போகட்டும்.

மணி அடிச்சிருச்சு பாருங்க. பூசாரி வந்துட்டாரு, கதவைத் திறக்கறாரு. நீங்க முன்னால போங்க அக்கா, உங்களுக்குப் பொண்ணு விசயம், நல்ல காரியம். எனக்கு இனி இவகிட்ட என்ன கேக்கறதுன்னே தெரியலை. இருந்தாலும் எதையாவது கேட்டுத்தான் போகோணும். பூக் கேக்க வந்துட்டுக் கேக்காமப் போனா எங்களுக்கு ஆகாதுங்க.